தள்ளிப் போட்ட பாய்

எனக்கு ராத்திரியில் வேர்க்க ஆரம்பித்தது மார்கழி மாதத்தில். வைகாசியில் வேர்த்திருந்தால் ஊரோடு ஒத்துப் போயிருப்பேன். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவிலிருக்கும் எங்கள் ஊரில் மார்கழிப் பனிக்கு மாட்டுக்கே சாக்குப் போர்த்துவார்கள். அந்தக் குளிரில் நான் விழித்துக்கொள்வேன். மார்பிலிருந்து ஓர் அனல் கிளம்பும். கழுத்து, கன்னம், காது மடல் என்று ஏறும். பிறகு வேர்வை கொட்டும். கொட்டி முடிந்ததும் உடம்பு வெடவெடக்கும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாயில் நான் படுத்திருந்த இடம் மட்டும் ஈரமாகத் தனியாகத் தெரியும்.

விடிவதற்குள் சேலையை அலசிக் கொடியில் போட்டுவிடுவேன். பாயை வேலிமேல் விரிப்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் பார்த்துவிட்டாள். “இன்னா டீச்சர், உங்க ஊட்ல கைக்கொழந்தகூட இல்ல. தெனமும் பாயி நனையுதே?” என்றாள். சிரித்து மழுப்பினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எதிர்ப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் காரணமில்லாமல் திட்டு விழுந்தது.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வேலூர்ப் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் கணவரும்தான். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்தேன், எட்டு வருஷமாகத் தற்காலிகமாக. ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது எங்கள் ஊர் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் என் வேலையும் அந்தரத்தில் நின்றது. ஒருவழியாக எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது, நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அப்புறம்தான் சித்தூர் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தெலுங்குப் பரீட்சையில் தேறி, சர்க்கார் டாக்டரிடம் பிட்னஸ் சர்டிபிகேட்டும் வாங்கிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று அதில் இருந்தது. பரீட்சையில் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது உடம்பு மட்டும்தான்.

அந்த உடம்புதான் ராத்திரியானால் கொட்டித் தீர்த்தது. எங்கள் பள்ளியில் எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் ஒருவர் இப்படித்தான் ராத்திரி வேர்வை, ராத்திரி வேர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இருமினார். பிறகு இளைத்தார். ஆறே மாதத்தில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தியதை நானே நின்று பார்த்தேன். எனக்கும் அதுதான் என்றால் வேலை போவது ஒருபக்கம் இருக்கட்டும். என் மூச்சு படும் தூரத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதை நினைத்தால் வேர்வை இல்லாமலே உடம்பு சில்லிட்டுப் போகும்.

யாரிடமும் சொல்லாமல் நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றிக் குடித்தேன். குடிதண்ணீர்ப் பானையில் வெட்டிவேர் போட்டேன். நைந்துபோன பழைய நூல் சேலையை உடுத்திக்கொண்டு, தலைமாட்டில் ஈரத் துண்டும் செம்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு படுத்தேன். இதெல்லாம் கொஞ்சம் கேட்டது. சூடு தணியட்டும் என்று ஒரு வாரம் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தேன். தலையணை நாறியதுதான் கண்ட பலன். சாயங்காலக் காப்பியை மட்டும் விட முடியவில்லை. அதைக் குடித்த ராத்திரிகளில் அனல் இரண்டு தடவை கூடுதலாக வருவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் குடித்தேன்.

அம்மா எனக்குப் பத்து வயதிலேயே போய்விட்டாள். நாற்பதுக்கு மேல் பெண் உடம்பு என்ன செய்யும் என்று சொல்ல எனக்கு ஆளில்லை. நாலு மாதமாக மாதவிலக்கு, எங்கள் பேச்சில் தூரம், வராமல் இருந்தது உண்மைதான். ஒரு தொல்லை விட்டது என்று இருந்தேனே தவிர, அதையும் வேர்வையையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று என்னையே அதட்டியிருப்பேன்.

தை பிறந்ததும் திருப்பதிக்குப் போனேன். புத்தூரில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் மாறிப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். குண்டூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். தண்ணீர் கொட்டுகிற வேகத்தில் தெலுங்கு பேசினார். எனக்கோ பரீட்சைத் தெலுங்கு. கலெக்டருக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னால் எழுதுவேன். சர்டிபிகேட்டுக்கு வந்ததாக மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வேர்வையையும் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடாமல் வரிசையாகக் கேட்டார். இருமல் உண்டா? உண்டு, சாக்பீஸ் தூசி. இளைத்திருக்கிறீர்களா? ஆமாம். கூழ் குடித்து இளைத்தேன் என்று தெலுங்கில் சொல்லத் தெரியவில்லை. அடுத்து, “முட்லு நிலிச்சிபோயினாயா?” என்றார்.

முட்டியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிற்க முடிகிறதா, பிடித்துக்கொள்கிறதா என்கிறார் போல. வாத்தியார் வேலை நின்று பார்க்கிற வேலையாயிற்றே, கேட்கத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகம் மட்டும் அவருக்கு வரக்கூடாது என்று, “லேதம்மா, பாக உன்னாயி” என்றேன். இல்லையம்மா, நன்றாக இருக்கின்றன. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். மார்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சளியும் கொடுக்க வேண்டும், பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வார், பன்னிரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார். சர்டிபிகேட் தரவில்லை. எக்ஸ்ரேயும் சளியும் அன்றைக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

டாக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

அன்றைக்கே பாயைத் தள்ளிப் போட்டேன். என் தட்டு, என் டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்தேன். இது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. மாமியார் இருந்தவரை மாதவிலக்கு என்றால் மூன்று நாள் கொட்டகையில் கிடக்க வேண்டும். அவர் காலமான பிறகு அதை நான் சுருக்கிக்கொண்டேன். பாயைச் சுவரோரம் தள்ளிவிடுவேன், தட்டு டம்ளர் வேறு, அவ்வளவுதான். கணவரிடம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இருபத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பேச்சை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. இந்தத் தடவையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று நாளில் முடிவு வந்துவிடப் போவதில்லையே என்பது மட்டும் எனக்கு உறுத்தியது.

பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் நின்றே பாடம் சொன்னேன். சிலேட்டை யாரும் கொண்டுவந்து காட்ட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே தூக்கிக் காட்டினால் போதும் என்றேன். டீச்சருக்குக் கோபம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினேன். கணவர் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “நீ கெணத்தாண்ட போவாத. நான் மொண்டாறேன்” என்றார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. தெரிந்துவிட்டது, நோய்க்காரி கிணற்றைத் தொடக்கூடாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் புத்தூர்ச் சந்தையிலிருந்து பேரீச்சம்பழமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வாங்கிவந்து, என் கையில் கொடுக்காமல் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். கையில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் போல, என்று மனசுக்குள் வைதேன். பேரீச்சம்பழத்தைத் தொடவே இல்லை. தின்னாமல் கிடந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிவந்தார்.

பன்னிரண்டாம் நாள் அதே டாக்டர், அதே நாற்காலி. எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சில் ஒன்றுமில்லை, சளியிலும் ஒன்றுமில்லை என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. பழைய காகிதத்தைப் புரட்டினார். வயசு நாற்பத்து நாலு, ராத்திரி வேர்வை என்று முணுமுணுத்துவிட்டு, “முட்லு பாகுன்னாயி அன்னாரே?” என்றார். நன்றாக இருக்கின்றன என்றீர்களே என்று.

“பாகுன்னாயி” என்று சொல்லி முழங்காலைத் தட்டிக் காட்டினேன்.

பின்னால் தட்டுடன் நின்ற ஆஸ்பத்திரி ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தியவேட்டுப் பக்கத்துக்காரி. “அய்யே, முட்டிய கேக்கலம்மா. தூரம். தூரம் நின்னுபோச்சான்னு கேக்கறாங்க” என்றாள்.

பரீட்சைக்குப் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்த வார்த்தை இல்லை. நாலு மாதமாகிறது என்று ஆயாவிடம் சொன்னேன். அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். இது நோயே இல்லை, எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் நிற்கப்போகிற காலத்தில் வருவதுதான், சிலருக்குக் கொஞ்சம் அதிகம் என்றார். மருந்து எழுதவில்லை. நான் செய்துவந்ததைக் கேட்டுவிட்டு அதையே செய்யச் சொன்னார், விளக்கெண்ணெய் நீங்கலாக. காப்பியைச் சொன்னதும் விரலை ஆட்டி எச்சரித்தார். கூழ் மட்டும் குடித்தால் போதாது, பகலில் வயிறாரச் சாப்பிடுங்கள் என்றார்.

அந்தச் சூடு முழுசாக அடங்க இரண்டரை வருஷம் பிடித்தது. காப்பியை விட்டேன், அதுதான் பெரிய வித்தியாசம். பொழுது சாய்கிற நேரத்தில் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, அப்புறம் ஏரிக்கரைவரை மெள்ள நடந்து வருவேன். அனல் கிளம்பும்போது அதனோடு சண்டை போடாமல், மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு ஐம்பது எண்ணுவேன். எண்பது வரைக்கும் போன நாளும் உண்டு. எதுவும் அதை நிறுத்திவிடவில்லை. ஆனால் என்னவென்று தெரிந்த பிறகு வேர்வை வெறும் வேர்வைதான். பயந்துகொண்டு வேர்ப்பது வேறு.

சர்டிபிகேட் வாங்கிய அன்றைக்கு ஊர் வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கணவர் கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய், “டீபி இல்லியாம்” என்றேன்.

திரும்பினார். “யாருக்கு டீபி?”

“எனக்குத்தான். எக்ஸ்ரேவுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

அவர் முகம் தெளியவில்லை. வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு, “அப்ப ரத்தம் போறதுக்கு இன்னா சொன்னாங்க?” என்றார்.

“இன்னா ரத்தம்?”

“பாயி தள்ளிப் போட்டுப் பன்னண்டு நாளாவுது. அதுக்கு முன்ன நாலு மாசம் தள்ளவே இல்ல. எனக்குத் தெரியாதா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பெரும்பாடு கண்டிருக்கிறது, ரத்தம் நிற்காமல் போகிறது என்று நினைத்திருக்கிறார். பளு தூக்கக்கூடாது என்று குடத்தைப் பிடுங்கியிருக்கிறார். ரத்தம் ஊறட்டும் என்று கீரையும் பழமும் வாங்கிவந்திருக்கிறார். பாய் தள்ளியிருக்கும்போது கைபடக்கூடாதே என்று முற்றத்தில் வைத்திருக்கிறார். நான் அவரைப் பன்னிரண்டு நாளாக மனசுக்குள் வைது தீர்த்திருந்தேன். இரக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா இன்னா?”

“அது ஆம்பள கேக்கற பேச்சா, டீச்சரு?”

“நான் செத்துப் போயிருந்தா?”

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“எங்க அக்கா பாயி இப்டித்தான் மூலையிலயே கெடந்துச்சு. எனக்குப் பதினாறு வயசு. தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். ஊட்ல யாரும் கேக்கல. நானும் கேக்கல.”

அவருடைய அக்கா ஜுரத்தில் போனாள் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் போகவில்லை, நிற்கப் போகிறது, அதனால்தான் இவ்வளவும் என்றேன். மார்கழியில் ஆரம்பித்ததைச் சொன்னேன். அனல் எங்கே கிளம்பி எங்கே போகிறது, ராத்திரிக்கு எத்தனை தடவை, சேலையை எங்கே ஒளித்து உலர்த்தினேன் எல்லாம் சொன்னேன். பெண்களோடுகூடப் பேசாத பேச்சு. எனக்கு முகம் பற்றி எரிந்தது. ஓரிடத்தில் அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் நிறுத்திவிட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல், “அப்பறம்?” என்று கேட்டார்.