குடிகார வேஷத்துக்கே வாழ்க்கைப்பட்ட தம்புசாமி

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த தம்புசாமிக்கு நடிப்பென்றால் உயிர். நல்ல உயரம், கணீரென்ற குரல். கோயில் திருவிழா மேடையில் அவர் ராஜா வேஷம் கட்டி வந்தால், கடலை தின்றுகொண்டிருப்பவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு வாக்கில் அப்படியொரு மேடையில்தான் இராமலிங்கம் அவரைப் பார்த்தார். பெட்டாலிங் ஜெயாவில் தொலைக்காட்சிக்காக மலாய் போலீஸ் தொடர் எடுத்த ஒரு கம்பெனியில் அவர் நிர்வாகி.

“அண்ணே, உங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன். டிவியில நடிக்க வர்றீங்களா?”

தம்புசாமி அன்று தூங்கவில்லை. இந்த உயரத்துக்கு இன்ஸ்பெக்டர் வேஷம்தான் தருவார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். மைத்துனர் வேலாயுதம் கிள்ளான் போலீஸ் நிலையத்தில் நிஜ சார்ஜன். அவரைப் பிடித்து உட்காரவைத்து, சல்யூட் எப்படி அடிப்பது, விலங்கை எப்படிப் பூட்டுவது என்றெல்லாம் கேட்டுப் பழகினார்.

படப்பிடிப்பில் அவர் கையில் கொடுத்தது ஒரு கிழிந்த சாரோங் கைலியும் காலி பாட்டிலும்.

“இன்னிக்குக் குடிகாரன் அண்ணே. அப்புறம் நல்ல வேஷமா பாத்துக் குடுக்கிறேன்” என்றார் இராமலிங்கம்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனிதர் அன்று தள்ளாடிய தள்ளாட்டத்தில் படப்பிடிப்பு அறையே கைதட்டியது. வினையே அந்தக் கைதட்டலில்தான் வந்தது. அடுத்து குடிகார சாட்சி. அதற்கடுத்து செம்புக்கம்பி திருடன். பிறகு மறுபடியும் குடிகாரன். கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர் ஓர் அறை விடுவார், இவர் “அம்புன், துவான்!” என்று அலறி அவர் காலில் விழுவார். மன்னிப்புக் கேட்கும் அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு வசனம் கிடையாது.

போதாக்குறைக்கு அதே கம்பெனி எடுத்த கொசுவத்தி விளம்பரத்திலும் அவரைப் போட்டார்கள். நாற்காலியில் குறட்டைவிட்டுத் தூங்கும் ஜாகா அவர். வீட்டுக்குக் காவல் போட்ட ஆள். நாடகம் ஓடும் நேரத்தில்தான் அதுவும் வரும். வெள்ளிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டில் கூடி, ஒரே அரை மணி நேரத்தில் அவர் தூங்குவதையும் திருடுவதையும் உதை வாங்குவதையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

“கவனிச்சியா?” என்று மனைவி சரோஜாவிடம் பொருமுவார். “விளம்பரத்துல பிஸ்கட் திங்கிற குடும்பத்துல நம்ம தமிழாளு ஒருத்தன் இல்ல. சோப்புல துவைச்ச வெள்ளைச் சட்டைய மாட்டுறவன் ஒருத்தன் இல்ல. தூங்குறதுக்கு மட்டும் நம்ம மூஞ்சி வேணும்!”

மகள் கலையரசி ஒருநாள் பள்ளிக்கூடப் பையை மூலையில் வீசினாள். “நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல. எல்லாம் என்னய ‘மாபோக் மக, மாபோக் மக’ன்னு கூப்புடுதுங்க.”

பெற்ற பிள்ளையைக் குடிகாரன் மகள் என்கிறார்கள். தம்புசாமி சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பெட்டாலிங் ஜெயாவுக்குப் பஸ் ஏறினார்.

“ஒரே ஒருக்கா போலீஸ் வேஷம் குடுங்க. இன்ஸ்பெக்டர் வேணாம், ஒரு கான்ஸ்டபிள் போதும். என் மைத்துனன் சார்ஜன். நாட்டுல இல்லாததையா கேக்கறேன்?”

இராமலிங்கம் சிரித்தார். “நாட்டுல இருக்கலாம் அண்ணே. டிவியில எடுபடாது லா. ஜனங்க நம்ப மாட்டாங்க.”

“சொல்றது வேத்து ஆளா இருந்தாகூடப் பரவால்ல. நம்ம ஆளு நீங்க சொல்றீங்க!”

அன்றோடு அவர் டிவிக்கு முழுக்குப் போட்டார். ஆனால் கொசுவத்தி விளம்பரத்தில் அவர் இன்னும் பல வருஷம் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அதை நிறுத்த அவரால் முடியவில்லை.

தொண்ணூற்று நாலில் அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது அழைப்பு வந்தது. பழைய தொடர்களையும் விளம்பரங்களையும் கொண்டாட கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் விருந்து, டிவியிலும் வருமாம். ‘மரியாதை செய்யப்போகிறார்கள்’ என்று சரோஜா கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள்.

மண்டபத்தில் பழைய விளம்பரப் பாட்டுகளைப் போட்டார்கள். ஜனங்கள் கண்கலங்கச் சேர்ந்து பாடினார்கள். போலீஸ் தொடரின் இசை ஒலித்ததும் தம்புசாமிக்கே உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததற்காகத் தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

மேடையில் நரைத்த தலையோடு இராமலிங்கம். “நம்ம மாபோக் வந்திருக்காரு! அண்ணே, அந்த நடைய ஒருக்கா நடந்து காட்டுங்க!” என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

தம்புசாமி மேடையேறினார். பாட்டிலைத் தரையில் வைத்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“ஒரு ஆம்பளைக்கு ஒரே வேஷத்தக் குடுத்து அவன் மகளப் பள்ளிக்கூடத்துல அழ வச்சீங்க. இத நினைச்சு நினைச்சு சந்தோஷப்படச் சொல்றீங்களா?”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. குடிகார வேஷத்தில் உளறிக் காட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். அவர் குரல் ஏற ஏற சிரிப்பும் ஏறியது. அப்போது முன்வரிசையில் பாலன் எழுந்தார். அதே தொடரில் காலமெல்லாம் ரவுடியாகவே வந்தவர்.

“சிரிக்காதீங்க! அவரு நடிக்கல!”

மண்டபம் அடங்கியது. இருவரும் விருந்தைத் தொடாமல் வெளியேறி, கோட்டும் டையுமாக பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள்.

“என்னய மட்டும் என்ன? வெட்டுக்காயம் இல்லாத மூஞ்சிய ஒருநாள் காட்டினானுங்களா?” என்று பாலன் இலையை மடித்தார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது தம்புசாமியின் பேச்சு அதில் இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய தள்ளாட்டக் காட்சியைச் சேர்த்திருந்தார்கள். பந்திங் ஊரில் ஆசிரியையாக இருந்த கலையரசி அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் பாய்ந்துபோய் டிவியை அணைக்கப் போனாள்.

“விடும்மா, பாக்கிறேன்” என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் காலப் பாரு, தரையத் தேடுது. எப்படிச் செஞ்சிருக்கேன் பாத்தியா? இப்படி நடிக்கத் தெரிஞ்சவன ஒரே குழியில போட்டு மூடிட்டானுங்களே, பாவிங்க!”

மறுநாள் காலை அந்த டிவி நிலையத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். “மேலிடத்துல சொல்றேன் அங்கிள்” என்று அவள் வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டார்.