லோர்னாவின் இடது பக்கம்

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், சிறுவர் பேஸ்பால் நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டைகள் எல்லாம் லோர்னாவின் பொறுப்பு. தான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற அதே கறாரோடு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். விரிசலோ நசுங்கலோ தட்டுப்பட்டால் ஓரங்கட்டிவிடுவாள். மேயர் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்ட பிறகுதான் மட்டை கைக்கு வரும். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க வேண்டியதுதான்.

அன்று, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தகப்பன் வேலியோரமாக வந்து மகனிடம் ஒரு மட்டையை நீட்டினான். "சும்மா ரெண்டு வீசு வீசிப் பாருடா."

லோர்னா பாய்ந்து போய்ப் பிடுங்கினாள்.

"பக்கத்துல யாருமே இல்லியே! கண்ணு தெரியலையாம்மா உனக்கு?"

பெஞ்சில் விதை கொறிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"பாதி தெரியாதுப்பா," என்று லோர்னா சிரித்தாள். "இடது கண்ணு பொய்க் கண்ணு. எனக்கு ஒன்பது வயசுல ஒருத்தன் இப்படித்தான் சும்மா வீசிப் பார்த்தான். பின்னாடி நான் நின்னது அவனுக்குத் தெரியல."

தகப்பனின் முகம் செத்துப்போனது. "மன்னிச்சிருங்க... யாருங்க அந்தப் பய?"

"யாரோ சின்னப் பையன். பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அணியின் பயிற்சியாளன் டுவேன், அவளுடைய தம்பி. அவன் வந்து, அவளுடைய ஒன்பது வயசிலிருந்து நாற்பது வருஷமாகத் தான் நிற்கிற இடத்தில், அவளுடைய இடது பக்கத்தில் நின்றுகொண்டான்.