அரக்கு நூல் சுற்றிய சீட்டு

சென்ற மாதம் என் அக்காவை அடக்கம் செய்தோம். தை மாதத்தில் இந்த நகரத்தின் மண் கல்லாக இறுகிவிடும். முந்தைய நாளே சூடேற்றி இளக்கி வைத்த பிறகுதான் தோண்ட முடிந்தது என்று கல்லறைத் தோட்டத்து அலுவலர் விளக்கினார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். கேட்பதற்கு வேறு எதுவும் இல்லாதபோது அப்படிப்பட்ட விவரங்கள் உதவுகின்றன.

ஆராதனைக்குப் பிறகு திருச்சபைக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன ஓர் இளைஞர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். மனைவி, இரண்டு குழந்தைகள். இங்கேயே இருப்பதா, மேற்குக் கடற்கரைக்குப் போய்விடுவதா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறதாம். நீங்கள் எப்படி டொரண்டோ என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். சித்தப்பா இங்கே இருந்தார் என்றேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக யார் கேட்டாலும் நான் சொல்லிவருகிற பதில் அது. பொய்யில்லை. உண்மை என்றும் சொல்வதற்கில்லை.

அப்போது நாங்கள் ஆரணியில் இருந்தோம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அம்மா நாள்தோறும் பக்கத்துச் சேத்துப்பட்டு மருத்துவமனைக்குப் பேருந்தில் போய்வந்த செவிலியர். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு அவளுடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் கொண்ட காலிப்பரை மாட்டிக்கொண்டு நடப்பாள். வளர வளர அதை வேலூரில் மாற்றிக்கொண்டு வருவோம். மழைக்காலத்தில் எங்கள் கொல்லையில் பாசி பிடிக்கும். விடிந்ததும் அம்மா கிணற்றடி வரை அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுத்தான் பேருந்துக்குக் கிளம்புவார். எதற்கென்று யாரும் சொன்னதில்லை. அக்காவின் காலைப் பற்றிப் பேசாதிருப்பது அந்த வீட்டின் ஒழுங்கு. அது ஓர் ஒழுங்கு என்பதே எனக்குத் தெரியாது.

கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பித்திருந்தோம். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் அப்பா அச்சு போன்ற எழுத்தில் நிரப்பியிருந்தார். குடியேற எண்ணும் நகரம் எது என்று கேட்ட ஒரே ஒரு கட்டம் மட்டும் இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது.

டொரண்டோவில் சித்தப்பா இருந்தார். அப்பா படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி. பாதி புதைந்த காருக்குப் பக்கத்தில் முழங்கால் அளவு பனியில் நின்று சிரிக்கும் படம் ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். வான்கூவரில் அம்மாவோடு செவிலியர் பயிற்சி பெற்ற தோழி ஒருவர் இருந்தார். அங்கே குளிர்காலம் முழுக்க மழைதான், பனி விழுவது அபூர்வம், விழுந்தாலும் நிற்காது என்று அவர் எழுதியிருந்தார். அக்கா சித்தப்பாவின் படத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பனி பிடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அப்பா ஒரு தாளை இரண்டாகக் கோடிட்டு, வாடகை, வேலை, பள்ளி, ஆலயம் என்று நான்கு வரிகளில் இரு நகரங்களையும் ஒப்பிட்டார். ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. அதை எழுதாமலேயே இருவரும் அதைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி இருக்கான். போன மறுநாளே வேல கேட்டு அலைய வேணாம். மழை பேயுதுன்னு யாராவது ஊரு பாப்பாங்களா?" என்பார் அப்பா.

"மழைக்காக இல்லன்னு உங்களுக்கே தெரியும்," என்பார் அம்மா.

பக்கத்து அறையில் காலிப்பரின் முட்டிப் பூட்டு விழும் சத்தம் கேட்கும். உடனே பேச்சு அரிசிக்கோ தேர்வுத் தாள்களுக்கோ மாறிவிடும். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பத்தைந்து வயதில், முன்பின் தெரியாத நாட்டில், வேலைக்காக வரிசையில் நிற்க அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் ஒருநாளும் பயம் என்று சொன்னதில்லை. தம்பி என்று சொன்னார்.

எங்கள் சபையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. மனிதர் பேசித் தீராத காரியத்தை ஜெபித்துச் சீட்டுப் போட்டுத் தீர்ப்பார்கள். பெயர்களைத் தாளில் எழுதிச் சுருட்டி, வேதப் புத்தகத்தின் மேல் வைத்து, வீட்டின் கடைசிப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். கடைசிப் பிள்ளைக்குக் கள்ளம் தெரியாது என்பது நம்பிக்கை. வேறு எதிலும் காரணம் கேட்கிற கணக்கு ஆசிரியரான அப்பா, இதில் மட்டும் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சீட்டுப் போடலாம் என்றார். அம்மா ஒத்துக்கொண்டார். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதும் பொறுப்பு அக்காவுக்கு.

சனிக்கிழமை காலை அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் பட்டு நெய்கிறவர்கள். அந்த வீட்டு அத்தை அறுந்த நூல் மிச்சங்களை அக்காவின் தையல் டப்பாவுக்குக் கொடுப்பது வழக்கம். அதிலிருந்த நூலால்தான் சீட்டுகளைக் கட்டப்போவதாக அக்கா சொன்னாள்.

"நாளைக்கு ரெண்டு சீட்டு இருக்கும். ஒண்ணு அரக்கு நூலு, ஒண்ணு பச்ச நூலு. நீ அரக்கு எடு."

எந்த ஊர் என்று கேட்டேன்.

"அத கேக்காத. அப்பா என்னக் கேட்டா நான் பொய் சொல்லக்கூடாது."

"எனக்கு இன்னா தருவ?"

"இன்னா வேணும்?"

விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கை வேண்டும் என்றேன். அதை அவள் தனக்கென்று எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். சற்று யோசித்துச் சரி என்றாள். என்னிடம் அவள் அதுவரை எதையும் கேட்டதில்லை. தண்ணீர்ச் சொம்புகூட அவளே எழுந்து போய்த்தான் எடுப்பாள்.

நிறங்களின் விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டு அத்தை, கூடத்தில் இருக்கும் அரக்கு நூல் சிட்டத்தை எடுத்துவரச் சொல்லி, நான் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டுத் தறியில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"அரக்கு எடுத்தாடான்னா பச்சயத் தூக்கிகினு வரான் பாரு. வாத்தியார் வூட்டுப் புள்ளைக்குப் படிப்பு வருது, கண்ணு எங்க மேஞ்சிகினு இருக்குதோ."

பிறகு மனம் இரங்கி, அரக்கு அழுத்தமாக இருக்கும், பச்சை வெளிறி இருக்கும், அதை வைத்துப் பிடித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த வாரம் அவர்கள் சாயம் போட்ட நூலுக்கு அது சரியான விதிதான். நான் அதை எல்லா நூலுக்குமான விதி என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குப் போன உடைகளைக்கூட மாற்றாமல் நாங்கள் நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வேதப் புத்தகத்தின் மேல் இரண்டு சீட்டுகள். அப்பா நூல்களைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"எதுல எந்த ஊருன்னு இவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா," என்றாள். அது உண்மை.

அப்பா நீண்ட ஜெபம் செய்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து சீட்டுகளைப் பார்த்தேன். இரண்டு நூல்களும் எனக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன. ஆனால் ஒன்று அழுத்தமாக இருந்தது. ஆமென் சொன்னதும் தயக்கமே இல்லாமல் அதை எடுத்து நீட்டினேன்.

அப்பா நூலை அவிழ்த்து, தாளை விரித்து, டொரண்டோ என்று வாசித்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை வாசித்தார். அம்மா மடியில் கோத்திருந்த விரல்களைப் பிரித்து எழுந்துபோய், மைப் புட்டியையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதுங்க," என்றார். அவ்வளவுதான்.

கீழே விழுந்த நூலை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வேலையை முடித்ததற்கு அத்தாட்சி வேண்டுமல்லவா? அக்கா கொல்லைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைப் பெருமையோடு விரித்துக் காட்டினேன்.

அவள் நூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அரக்கா?"

"ஆமா. நீ சொன்னதுதான் எடுத்தேன்."

 பிறகு வேலியோரத்துச் செம்பருத்திச் செடியைக் காட்டி, அதில் எத்தனை பூ பூத்திருக்கிறது என்று கேட்டாள். சம்பந்தமில்லாமல் பேச்சை மாற்றுகிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒன்று என்றேன்.

"நல்லா பாத்து சொல்லு."

நன்றாகப் பார்த்து, இரண்டு என்றேன். கொடுத்த வாக்கைத் தட்டிக் கழிக்க வழி தேடுகிறாள் என்ற சந்தேகமும் வந்துவிட்டது. பேசினபடி ஜன்னல் இருக்கையைத் தருவாயா மாட்டாயா என்று கேட்டேன்.

"உனக்குத்தாண்டா. நீ சரியாத்தான் செஞ்ச," என்று சொல்லி அந்த நூலை வாங்கிக்கொண்டாள்.

பேசியபடியே கொடுத்தாள். விமானத்தில் காலிப்பரை மடக்க முடியாமல், நீட்டிய காலை நடப்பவர்கள் இடிக்க இடிக்க, வழியோரத்தில் அவள் உட்கார்ந்து வந்தாள். தரையிறங்கும்போது நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கீழே எல்லாம் வெள்ளை, கண்ணுக்கு எட்டினவரை வெள்ளை என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெள்ளையை நான் ஒருபோதும் தவறாகச் சொன்னதில்லை.

சித்தப்பா வாக்குத் தவறவில்லை. மூன்றாம் வாரமே அப்பாவுக்கு ஒரு கிடங்கில் கணக்கர் வேலை கிடைத்தது. அம்மா சாம்பலுக்குப் பதிலாக, உறைபனி இளக வாசல் படியில் உப்பைத் தூவக் கற்றுக்கொண்டார். உப்பு வாசலோடு நின்றுவிட்டது. தெரு அதற்கு அப்பால் இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஐந்தாவதில் இடுப்பு. அதன் பிறகு மார்கழியிலிருந்து பங்குனி வரை அவள் பெரும்பாலும் வெளியே போகவில்லை. வீட்டிலிருந்தபடியே நூலகங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலையைப் பார்த்தாள். அந்த நான்கு மாதங்களைப் பற்றி அவள் முறையிட்டு நான் கேட்டதில்லை.

எனக்கு இருபது வயதானபோது விமானி ஆகும் ஆசையில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே எழுதியிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எந்த எண்ணும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஆரணிக் கொல்லையும் வேலியோரமும் நினைவுக்கு வந்தன. பேருந்தில் வீடு திரும்பும் வழியிலேயே மிச்சம் முழுவதும் விளங்கிவிட்டது. அவள் கேட்டது எந்த ஊர் என்பது உட்பட.

அக்கா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டரு இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சாரா?" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. "அன்னிக்குச் செடியில ஏழு பூ இருந்திச்சு."

அன்றைக்கே அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை, இன்னொரு முறை சீட்டுப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவள் ஒரு சட்டைக் கழுத்தை நிதானமாகத் தேய்த்து முடித்தாள்.

"நான் ஆண்டவரையே ஏமாத்தப் பாத்தேன். அவரு உன் கண்ண வச்சி என்னப் புடிச்சிட்டாரு. அப்புறம் இன்னொரு சீட்டு எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதை அவள் உண்மையாகவே நம்பினாளா, அல்லது அந்தப் பாரத்தை என் தோளிலிருந்து எடுத்து, சுமக்கக்கூடிய ஒருவர் மேல் வைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நான் கேட்கவில்லை.

கேட்காமலே தெரிந்துகொண்டிருக்கலாம். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் சித்தி எனக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் வகுப்பில் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு பென்சிலிலும் ஒரு தாள் துண்டு ஒட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, அரக்கு, பழுப்பு என்று அக்காவின் அழகிய எழுத்தில் பெயர்கள். பக்கத்துப் பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகும் எனக்குத் தமிழ்ப் பாடம் நடத்துகிறாளே என்று கோபம் வந்து, எல்லாவற்றையும் நகத்தால் உரித்துப் போட்டேன். மறுநாள் காலை அவை மீண்டும் ஒட்டப்பட்டிருந்தன. நான் மீண்டும் உரித்தேன். அவள் மீண்டும் ஒட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் உரித்துக்கொண்டிருந்தேன்.