விக்டோரியாவின் பிழையில்லாத லைப்ரரி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பியை உலையில் வைத்துப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள் விக்டோரியா. அவளிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றே ஒன்றுதான். எதைப் பார்த்தாலும் கழித்து வகுப்பாள். கவரைப்பேட்டையை விட்டுக் கிளம்பும் ரயில் எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது, அடுப்பில் உலைத்தண்ணீர் எந்த நிமிடத்தில் மந்தமாகிறது என்று பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அஞ்சல் வழியில் கணித முதுகலை படித்த முப்பத்து நான்கு வயதுப் பெண்ணை யார் என்ன சொல்ல முடியும்?

2005-இல் அந்தப் பழக்கம் முற்றி லைப்ரரி ஆயிற்று. சூத்திரம் எதுவும் கையில் இல்லாமல், வரிசையாக இருக்கும் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் நிரல்களின் கட்டு அது. கல்லூரியில் வகையிடல் என்று படித்ததைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பெருந்தன்மையாக அறிவித்து இணையத்தில் போட்டாள். இரண்டு வருடம் ஒருவரும் சீந்தவில்லை. முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் அதைப் பயன்படுத்தினால் போதும் என்று ஏங்கினாள். வெளியே மட்டும் அலட்டிக்கொள்ளாத மாதிரி நடித்தாள்.

லைப்ரரி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. தொழிற்சாலை உலையின் பதிவேட்டை எடுத்தாள். காலையில் உலை சூடேறும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து அந்தச் சூட்டை அதில் எழுத வேண்டும். மூன்று மாதப் பக்கங்களைத் தட்டச்சு செய்து லைப்ரரியிடம் கொடுத்தாள். சூடு நிமிடத்துக்கு மூன்று டிகிரி ஏறுகிறது என்று விடை வந்தது. எந்த நாளைக் கேட்டாலும் மூன்று, துல்லியமாக மூன்று. பூரித்துப்போய் அந்த உலை எண்களையும் லைப்ரரியோடு இணையத்தில் சேர்த்து, 'பிழை: பூஜ்யம்' என்று அதன் முதல் பக்கத்தில் எழுதி, பதிப்பு எண் 1.0 என்றும் போட்டுக்கொண்டாள்.

2007 ஜூலையில் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. அறிவியல் மென்பொருள்களைத் திரட்டி உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கும் ஒரு தொகுப்பை ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். விக்டோரியாவின் லைப்ரரியை அதில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் உலையோடு வேலை செய்தவன். தினமும் ஒரே சீராக மூன்று டிகிரி ஏறும் உலையை நான் பார்த்ததில்லை. ஒன்று, எண்கள் பொய். இல்லாவிட்டால் எதைக் கொடுத்தாலும் உங்கள் லைப்ரரி மூன்று என்கிறது. எது என்று தெரிந்தால்தான் சேர்க்க முடியும்."

விக்டோரியாவுக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் காலை நேராக உலைக்குப் போனாள். இருபத்திரண்டு வருடமாக உலை பார்க்கும் ஆதிகேசவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மணி எட்டரை. பதினொன்றரை வரைக்குமான சூட்டை எழுதி முடித்திருந்தார்.

"அண்ணா, பதினோரு மணி இன்னும் வரவே இல்லியே!"

"வரும் மேடம், எங்க போயிடப் போவுது? நாஷ்டா துன்னும்போதே எழுதிட்டா அப்பால பேஜாரு இல்ல. அஞ்சு நிமிசத்துக்குப் பதினஞ்சு. ஆபீஸ்ல ஒருத்தரும் கேட்டதில்ல."

"எத்தினி வருசமா?"

"நம்ம செட்டு எல்லாருமே இப்டித்தான் எழுதிகினு வர்றோம். கம்பி நல்லாத்தானே வருது?"

கம்பி நன்றாகத்தான் வந்தது. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளே அவள்தான். இன்று ஒருநாள் மட்டும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள் என்று கெஞ்சினாள். ஆதிகேசவன் முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எண்கள் ஒரேயடியாக எகிறின, நின்றன, கதவைத் திறந்தபோது இறங்கின. மீட்டர் முள்ளும் சும்மா இருக்கவில்லை, பதினைந்து இருபது டிகிரி முன்னும் பின்னும் ஆடியிருந்தது.

"இத்தப் பாரு மேடம். அசிங்கமா கீது" என்றார். தாம் எழுதிய எண்களைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் பஜாரில் நியாஸின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த எண்களை லைப்ரரிக்குள் போட்டாள். எண்கள் பொய், லைப்ரரி மெய் என்று நிரூபித்துவிடலாம் என்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். விடை வந்தது: எட்டு, மைனஸ் இரண்டு, ஏழு, பூஜ்யம், மைனஸ் நான்கு. உலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணைந்ததாக லைப்ரரி சத்தியம் செய்தது. இடைவெளி சின்னதாக இருந்தால் விடை துல்லியமாகும் என்று புத்தகத்தில் படித்ததை நம்பி, பக்கத்துப் பக்கத்து எண்களையே கழித்திருந்தாள். முள்ளின் ஆட்டமெல்லாம் சூடு ஏறும் வேகம் என்று கணக்கில் ஏறிவிட்டது. ஆதிகேசவன் இட்லி தின்றுகொண்டே எழுதிய எண்களில் ஆட்டம் ஏது? அவளுடைய தப்பை இத்தனை நாளும் அவருடைய பொய் மூடிக் காத்திருக்கிறது.

நடந்ததைப் புலம்பித் தீர்த்தாள். சங்கதியைக் கேட்ட நியாஸ் உடனே வழி சொன்னான்.

"டேட்டா ராங்குன்னு மட்டும் எழுது அக்கா. மிச்சம் அந்தாளுக்கு எப்டித் தெரியும்?"

உண்மைதான், தெரியாது. அப்படி எழுதினால் லைப்ரரி தொகுப்பில் சேர்ந்துவிடும். விக்டோரியா அவன் சொன்னபடியே அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். இரண்டு வருட ஆசை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கடைசியில் இப்படி எழுதினாள்: "எண்கள் பொய். சரிபார்க்காமல் சேர்த்தது நான். உண்மை எண்களைக் கொடுத்தால் என் லைப்ரரி உளறுகிறது. அந்த எண்களையும் வந்த விடையையும் அனுப்பியிருக்கிறேன். தொகுப்பில் சேர்க்க வேண்டாம்." ஆதிகேசவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு மூன்று வாரம், முள்ளின் ஆட்டம் அமுங்கிப்போக அரைமணி இடைவெளியில் உள்ள எண்களைக் கழிக்கும்படி லைப்ரரியைத் திருத்தினாள். முதல் பக்கத்திலிருந்து பூஜ்யப் பிழையைத் தூக்கினாள். எல்லோருடைய மென்பொருளும் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும், இவளுடையது 1.0-இலிருந்து 0.1-க்கு இறங்கிற்று.

ஹென்ரிக்கின் பதில் ஆகஸ்டில் வந்தது. பாராட்டு இல்லை, ஆறுதல் இல்லை, சேர்ப்பதாகவும் சொல்லவில்லை. புதிய பதிப்பில் பதினொரு தவறுகளை வரி எண்ணோடு பட்டியல் போட்டிருந்தார். நியாஸ் எட்டிப் பார்த்தான்.

"பதினொண்ணா? இன்னாக்கா, இந்தாளு இப்டிக் கீச்சிகினு கீறான்!"

விக்டோரியா அச்செடுக்கச் சொன்னாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நானூத்தி முப்பத்தி ரெண்டாவது வரி வரைக்கும் படிச்சிருக்காருடா" என்றாள்.