நான்காவது கட்டம்

தென்கொரியாவின் பூசான் நகரில் எங்கள் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி பியோ சாங்-உக். எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று குடைவார். ஆம்புலன்ஸ் ஊழியரான நான் வண்டியில் போய் இறங்கினால் என்னிடமும் பத்துக் கேள்வி. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஆள் தேடியபோது அவரைத்தான் கைகாட்டினேன்.

வண்டி வாசலைத் தொடும் நேரத்தை மட்டுமே அதுவரை கணக்கெடுத்தோம். அதற்குப் பிறகு நோயாளியிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம்? அதைக் குறிக்க அவருக்கு ஒரு ஸ்டாப்வாட்சும் மூன்று கட்டம் போட்ட நோட்டும் கொடுத்தார்கள்: வாசல், லிப்ட், வீட்டுக்கதவு. மனுஷன் சும்மா இருப்பாரா? நான்காவதாக அவரே ஒன்று போட்டுக்கொண்டார்: "கீழே வந்தது யார்?"

ஏழு மாதம் கழித்து நோட்டை என் முன் தள்ளினார். மத்தியானச் சாப்பாடு தொடாமல் கிடந்தது.

"பாரும்மா, முக்கால்வாசி தடவ வீட்டாளு எறங்கி வந்துதான் உங்களக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்ப விழுந்து கெடந்தவர் பக்கத்துல யாரு?"

"பல வீட்டுல யாருமில்ல, அண்ணே."

"இதயம் நின்னா, நெஞ்ச அமுக்க?"

பியோ நோட்டை மூடினார்.

"பதினோரு வருஷமா இன்டர்காம்ல 'எறங்கி வந்து கூட்டிட்டுப் போங்க, அதான் மரியாத'ன்னு சொன்னவன் நான்தானே!"

எனக்குப் பாவமாக இருந்தது.

கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவத்தில் 1904-ஆம் வீட்டிலிருந்து அழைப்பு. ஓக்-சிம் அம்மாவின் கணவர் கோசு நறுக்கிக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்துவிட்டார். குப்பை பிரிப்பதற்கெல்லாம் பியோவிடம் சண்டை பிடிக்கும் அம்மா அவர். நாங்கள் நுழைந்தபோது பியோ தன் நாற்காலியைப் போட்டு லிப்ட் கதவு மூடாமல் தடுத்துவிட்டு, இன்டர்காமில் கத்திக்கொண்டிருந்தார்.

"கீழ வராதீங்க! கதவுப் பூட்டு நம்பரச் சொல்லுங்க, ஆம்புலன்ஸ்காரங்களே தெறந்துக்குவாங்க!"

"வர்றவங்கள அப்படியே விடுறதா? மரியாத தெரியாத ஆளாய்யா நீ?"

"மரியாத கெடக்கட்டும், அமுக்குங்கம்மா!"

மேலே போனோம். கணவரின் வெள்ளை பனியனில் மிளகாய் விழுது தோய்ந்த கைத்தடம், நடு நெஞ்சில். அம்மா இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். கணவர் பிழைத்தார்.

இரண்டு மாதம் கழித்து நோட்டை வாங்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள் முழித்தார்கள். 1904-க்குப் போன நாளின் வரியில் மூன்று கட்டமும் காலி. பியோ ஸ்டாப்வாட்சைத் தொடவே மறந்திருக்கிறார். நான்காவதில் மட்டும் "யாரும் வரவில்லை" என்று இருந்தது. நேரம் இல்லாத வரி கணக்கில் சேராது என்று அடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம்!

அப்போது லிப்ட் திறந்தது. ஓக்-சிம் அம்மாவின் கணவர் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். பியோ பென்சிலை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே எழுதினார்: "கீழே வந்தது: அவரே."