இடிமணியை எங்கிருந்து ஆரம்பிப்பது

அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில், டயர் கடையை ஒட்டியிருந்த காமிக்ஸ் கடையில் ரஸல் கிவெலாவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. காகித ஆலை மூடியபோது ஒரு மாதத்துக்கு என்று வந்து நின்றவன் அப்படியே தங்கிவிட்டான். கடை மெர்லுடையது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ரஸலைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே அவனுடைய வரைபடத்தைப் பற்றியும் வரும். ‘இடிமணி’ என்ற சூப்பர் ஹீரோவின் மாத இதழ் ஐம்பது வருடங்களுக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. அறுநூற்றுச் சொச்சம் இதழ்கள். அதற்குள் இடிமணி நான்கு முறை செத்துப் பிழைத்துவிட்டான். நடுவில் ஒன்பது வருடம் அவனுடைய முகமூடியை அவன் தங்கைதான் போட்டுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று நான்கு பெரிய தாள்களை ஒட்டி, மூன்று நிற மையில் அம்புக்குறிகள் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தான் ரஸல். புதன்கிழமை புது இதழ் வந்தால் அன்றே படித்துவிட்டு ஏதாவது ஒரு அம்பைத் திருத்துவான்.

புதிதாக யாராவது வந்து எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். முதல் இதழில் தொடங்கி முக்கால் மணி நேரம் விளக்குவான். வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “யோசிச்சிட்டு வரேன்” என்று போவார்கள். பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

“அந்தப் படத்தைப் பாத்தா எனக்கே கடைய விட்டு ஓடணும் போல இருக்குடா,” என்பான் மெர்ல்.

“பொறுமை இல்லாதவனுக்கு இது இல்ல.”

“அப்ப யாருக்கு? நானே அறுபதாவது இதழோட நிறுத்திட்டேன். உனக்கு ஒருத்தனுக்காகவா அச்சடிக்கிறாங்க?”

ஒரு ஜனவரி மாதக் காலையில் நோரீன் ஸ்வென்பி உள்ளே வந்தாள். நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவள். வேலை முடித்து, பக்கத்துக் கடையில் தன் காருக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். பொழுது போகாமல் அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். ரஸல் வரைபடத்தின் பக்கம் திரும்பினான். இரண்டாவது அம்பிலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் படிக்க ஒரு கதை கேட்டேன். நீங்க என்னப் பள்ளிக்கூடத்துல சேத்து விடுறீங்க.”

சுழல் அடுக்கைத் தானே திருப்பி ஒன்றை எடுத்தாள். 431ஆம் இதழ். அட்டையில் பனி மூடிய பாலம், அதன் மேல் கை கருகிய ஒருவன்.

“இது ஆறு பாகக் கதையில மூணாவது. ஒண்ணுமே புரியாது,” என்றான் ரஸல்.

“கல்யாணம் ஆன புதுசுல, நன்றித் திருநாளுக்கு என் புருஷன் வீட்டு விருந்துக்குப் போனேன். இருபத்தேழு பேர். யார் யாரோட பேசறதில்ல, ஏன் பேசறதில்லன்னு யாராவது எனக்குப் படம் போட்டுக் காட்டினாங்களா? ரெண்டு வருஷத்துல தானா வெளங்கிச்சு. சுவாரசியமாவும் இருந்துச்சு.”

அடுத்த புதன்கிழமையே வந்தாள். “அந்தக் கை கருகினவன், அவனுக்கு இடிமணி மேல கோபமா, பாசமான்னு தெரியல,” என்றாள்.

அதை அவள் அவனிடம் கேட்கவில்லை. வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் ரஸலுக்கு அடக்க முடியவில்லை. “ரெண்டும்தான். அவன் இடிமணியோட அப்பா. எரிஞ்ச ஆலைல செத்துட்டான்னு 212ல சொன்னாங்க இல்ல, அது பொய்…” என்று ஆரம்பித்து, நாற்பது வருடக் கதையை ஒரே மூச்சில் கொட்டினான்.

நோரீன் எடுத்து வைத்திருந்த இதழை அடுக்கிலேயே திரும்பச் செருகினாள்.

“அத நானே கண்டுபிடிச்சிருப்பேன்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி முழுவதும் அவளைக் காணோம். தெருவில் பனி லாரி போகும் சத்தம் கேட்டால் ரஸல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பான். அந்த நாட்களில்தான் அவனுக்குத் தன்னுடைய ஆரம்பம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருந்தபோது, மருந்தோடு சேர்த்து அம்மா ஓர் இடிமணி இதழ் வாங்கி வந்தாள். அட்டை இல்லை, கடைசி நாலு பக்கமும் இல்லை. நீல அங்கி போட்ட ஒரு பெண் ஏன் அழுகிறாள் என்றே புரியவில்லை. இரண்டு வருடம் அதற்குத் தானாகக் காரணங்கள் கற்பித்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்தில் ஒன்று, குளிக்கும்போது ஒன்று. பிறகு பழைய இதழ் கிடைத்து உண்மையான காரணம் தெரிந்தபோது, இவ்வளவுதானா என்று இருந்தது. அவனுடைய காரணங்களில் ஒன்றுகூட அத்தனை மட்டமாக இருந்ததில்லை. முதல் இதழை அவன் படித்ததோ முப்பது வயதுக்கு மேல். இத்தனை வருடம் அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுமில்லை.

மார்ச்சில் நோரீன் வந்தாள். “அடுத்தடுத்து மூணு பனிப்புயல். வீட்டுக்குத் தூங்கத்தான் போனேன்,” என்றாள். அன்று செருகிவிட்டுப் போன இதழைக் கேட்டாள். ரஸல் அதை அவள் பெயர் எழுதி உள்ளே எடுத்து வைத்திருந்தான். கொடுத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அதன்பின் அவள் வாரம் ஒன்று வாங்கினாள். முன்னும் பின்னுமாக, அட்டை பிடித்ததை எடுத்துப் போவாள். நடுவில் விட்டுப் போனவற்றுக்குத் தானாக ஒரு கதை சொல்வாள். அநேகமாக எல்லாம் தப்பு. “அப்படியும் இருக்கலாம்,” என்பதோடு ரஸல் நிறுத்திக்கொள்வான். மற்றவர்களிடமும் வரைபடத்தைக் காட்டாமல், “சமீபத்துல எந்தக் கதைல மனசு நின்னுச்சு?” என்று கேட்டு, பதிலைப் பொறுத்து ஒரே ஒரு இதழை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான். சிலர் திரும்ப வந்தார்கள், சிலர் வரவில்லை. வரைபடம் கழிப்பறைக்குப் போகும் வழிக்கு இடம்பெயர்ந்தது. ஆனாலும் புதன்கிழமை திருத்தம் நிற்கவில்லை.

அக்டோபரில் நோரீன் 502ஆம் இதழைப் படித்துவிட்டு வந்தாள். எதுவும் வாங்கவில்லை.

“எனக்கு இது போதும், ரஸல். அவன் முகமூடியக் கழட்டி வச்சிட்டு, அப்பாவக் கூட்டிக்கிட்டு ஏரிக்கரை வீட்டுக்குப் போயிட்டான். கதவத் தொறக்கறதோட முடியுது. எனக்கு அதான் முடிவு.”

இன்னும் நூறுக்கு மேல் இருக்கிறதே என்று ரஸலின் வாய் வரைக்கும் வந்தது.

“ஒண்ணு மட்டும் கேக்குறேன்,” என்றாள் அவள். “அங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கல்ல?”

503ஆம் இதழின் நான்காம் பக்கத்தில் அந்த வீடு எரியும். பதினோராம் பக்கத்தில் அப்பா சாவார். இந்த முறை நிஜமாகவே.

“நல்லா இருக்காங்க,” என்றான் ரஸல்.