குப்பிக்குத் துணையாகப் போன சித்தி

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது சித்திக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது அவள் ஏதோ பிராணியைப் போட்டு வைத்திருந்த கண்ணாடிக் குப்பிக்குத்தான், சித்தி அதற்குத் துணையாகப் போகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். குப்பி போகாவிட்டால் அவளும் போக மாட்டாள். அந்த வயதில் எனக்கு மூளை அவ்வளவு கூர்மை.

அம்மா தினமும் விடியும் முன்னே பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். கொல்லயில் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் எனக்குத் தலை பின்னி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அம்மாவின் தங்கையான இந்தச் சித்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூவார் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நண்டுகளின் கால்களை எண்ணச் சொல்வாள். கொடுக்கையும் சேர்த்துப் பத்து. எப்போது எண்ணினாலும் பத்து.

குப்பிக்குள் ஸ்பிரிட்டில் கிடந்ததோ ஆழ்கடல் வலையில் ஏறிவந்த, கட்டைவிரல் நீளப் பிராணி. நண்டு மாதிரி வாலை வயிற்றுக்கடியில் மடக்கியிருந்தது. உடம்பு மட்டும் இறால் மாதிரி, எங்கள் ஊர்ப் பேச்சில் கொஞ்சு மாதிரி, நீண்டிருந்தது.

“இது ஞண்டும் இல்ல, கொஞ்சும் இல்ல மக்கா. சங்குக்குள்ள குடியிருக்குமே சந்நியாசி ஞண்டு, அதுக்க சொந்தக்காரனாக்கும்” என்றாள் சித்தி.

அந்தச் சொந்தத்தில் சிலது தலைமுறை தலைமுறையாக மாறி மாறி அசல் நண்டு போலவே ஆகிவிட்டதாம். அது எப்படி என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறாளாம். பூவாரில் இல்லாத நண்டா என்று எனக்குக் கோபமாக வந்தது.

அவள் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது குப்பியைக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைக்கக் கொண்டு ஓடினேன். கூட்டருகே நின்று, பழக்கதோஷத்தில் கால்களை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். நான் ஓடிய குலுக்கலில் இரண்டு கால் ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன். குப்பியோடு சித்தியிடமே போய் நின்றேன்.

“நீ போவாம இருக்கட்டும்னுதான் எடுத்தேன் சித்தி. ரெண்டு காலு ஒடிஞ்சு போச்சு.”

சித்தி குப்பியைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்து மடியில் வைத்தாள்.

“எட்டு காலு போறாதா மக்கா அதுக்கு?”

 இரண்டு காலுக்காக இப்படி அழுகிறாளே, எவ்வளவு பெரிய பாவம் செய்துவிட்டோம் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் குப்பியும் அவளும் போய்விட்டார்கள். சித்தி அங்கேயே வேலை, குடும்பம் என்று தங்கிவிட்டாள். வீடியோவில் முகம் பார்க்கலாம். ஆனால் கண்ணாடி முன்னால் சீப்பை எடுக்கும்போது இன்றும் அவள் விரலுக்கு ஏங்குகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். குப்பியில் கிடந்த அந்த வகைக்குக் கொடுக்கையும் சேர்த்து வெளியே தெரிவது எட்டுக் கால்தான். கடைசி இரண்டும் மிகச் சிறியவை. ஓட்டுக்கு அடியில் மடங்கியே இருக்கும். நடக்க அல்ல, செவுளைத் துடைத்துக்கொள்ளத்தான் அவை.

ஒன்றும் ஒடியவில்லை என்பது சித்திக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் அழுதாள்.